எண்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த தவளை

மழைக்கால இரவுகளில் தவளைகளின் கச்சேரியைக் கேட்டிருப்பீர்கள். முதல் நாள் வரை ஒரு தவளையைக்கூடக் காணாத குளத்தங்கரையில், நல்ல மழை பெய்த அன்றிரவே நூற்றுக்கணக்கான குரல்கள் எழும். இவ்வளவு நாளும் இவை எங்கே இருந்தன? சிறு வயதில் என் பாட்டியிடம் இதைக் கேட்டேன். "மண்ணுக்குள்ளே" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பாட்டி சொன்னது பல தவளைகளுக்குப் பொருந்தும். மண்ணில் புதைந்து வாழும் தவளைக்கு நுணல் என்று தமிழில் தனிப் பெயரே உண்டு. மறைந்து கிடக்கும் நுணல் வாய் திறந்து கூவித் தன் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும் என்ற பழமொழியும் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு நுணலின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில், நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் எட்டிவிடக்கூடிய தொலைவில் வாழும் தவளை அது. அதன் பிள்ளையை அறிவியல் 1918-இல் ஏட்டில் எழுதியது. பெற்றோருக்குப் பெயர் கிடைத்ததோ 2003-இல். இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள். ஏன் இவ்வளவு தாமதம்?

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் தவளையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கட்டுரையின் பாதியில் காரணம் விளங்கும்.

காண்பது வேறு, விவரிப்பது வேறு

"புதிய இனம் கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் படிக்கும்போது, யாரோ ஒருவர் காட்டில் நடந்தார், யாரும் பார்க்காத ஒரு பிராணியைப் பார்த்தார், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியன்று. பார்ப்பதோடு வேலை தொடங்குகிறது, அவ்வளவுதான். பார்த்த உயிரை அறிவியல் முறைப்படி விவரிக்க வேண்டும். அதற்கு ஒரு மாதிரி உடல் வேண்டும். அதைப் பாதுகாத்து ஓர் அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைக்க வேண்டும். அதன் நீள அகலம், தோல், விரல், பல், எலும்பு ஆகியவற்றை அளந்து எழுதி, ஏற்கெனவே பெயர் பெற்ற உறவினங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இது எவ்வாறு வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். இரண்டு சொற்களாலான பெயர் ஒன்றைச் சூட்டி அச்சில் வெளியிட வேண்டும். நாளைக்கு ஐயம் எழுந்தால், இந்தப் பெயர் எந்த உடலைக் குறிக்கிறது என்று யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் துறையில் மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் மூலப்படி ஒன்றை நெடுங்காலம் பாரிசுக்கு அருகே பூட்டி வைத்திருந்தார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் உயிருக்கு இருவர் இரு பெயர் வைத்துவிட்டால் முதலில் வைத்ததே நிற்கும். ஆகவே புதுப் பெயர் சூட்டுகிறவர், பழைய ஏடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

ஓடையில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை

இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல் என்ற ஸ்காட்லாந்து நாட்டவர். நன்னீர் உயிர்களில் அவருக்குத் தீராத ஆர்வம். 1918-இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்வேட்டில், தென்னிந்திய மலைகளில் கிடைத்த சில தலைப்பிரட்டைகளை அவர் விவரித்தார். அவற்றுள் ஒன்று விசித்திரமானது. குளத்துத் தலைப்பிரட்டைபோல் உருண்டையாக, சோம்பலாக நீந்துவது அன்று. பாய்ந்தோடும் மலையோடையில், வழுக்குப் பாறைமேல் வாயால் ஒட்டிக்கொண்டு வாழ்வது.

வாயால் ஒட்டுவது எப்படி? அதன் வாயைச் சுற்றி ஒரு கிண்ணம்போன்ற உறிஞ்சி இருக்கிறது. கிண்ணத்துக்குள் அழுத்தம் குறைந்ததும், வெளியே இருக்கும் நீரும் அதற்குமேல் உள்ள காற்றும் சேர்ந்து பிள்ளையைப் பாறையோடு அழுத்திப் பிடிக்கின்றன. கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டவைக்கிறோமே, அதே தத்துவம். வெள்ளம் அதன்மேல் புரண்டு ஓடும். பிள்ளை பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டு அங்கேயே இருக்கும்.

இதன் தாய் யார்? அங்கேதான் சிக்கல். தவளைகளின் பிள்ளைக்கும் பெரியதற்கும் முகச்சாயல் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளையை வளர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது முட்டையிடும்போது தாயைப் பிடிக்க வேண்டும். ஓடும் நீரில் மட்டுமே பிழைக்கும் பிள்ளையைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது எளிதன்று. தலைப்பிரட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சூட்டவும் விதி தடையில்லை. ஆனால் அதன் தாய் வேறு பெயரில் ஏற்கெனவே ஏட்டில் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஏட்டில் அந்தப் பிள்ளை உரிய தாயின் பெயரின்றியே தங்கிவிட்டது.

அதே ஆண்டில், அதே ஆய்வேட்டில் அன்னண்டேலுடன் சேர்ந்து இந்தியத் தலைப்பிரட்டைகளைப் பற்றி எழுதியவர் சி. ஆர். நாராயண ராவ். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர். கல்லூரிப் பாடச் சுமைக்கு நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளைத் தேடி அலைந்து, 1937-இல் பல புதிய இனங்களை விவரித்தவர். 1932-இல் தொடங்கிய 'கரண்ட் சயன்ஸ்' இதழின் முதல் ஆசிரியரும் அவரே. அவர் கையிலும் இந்தத் தாய் அகப்படவில்லை. இதழின் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

தாய் ஏன் அகப்படவில்லை?

தாய் மண்ணுக்குள் இருந்தது. மண்ணுக்குள் என்றால் கோடையில் மட்டும் ஒதுங்குவது அன்று. ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரம் தவிர மற்ற நாளெல்லாம் அதற்கு நிலத்தடி வாசம்தான். ஒரு மீட்டர் முதல் மூன்றரை மீட்டர் ஆழம் வரைகூடச் செல்லும். உணவும் அங்கேயே. கறையான்தான் முக்கிய ஆகாரம். சாதாரணத் தவளை ஈ பிடிக்க மேலே வந்தே தீர வேண்டும். இதற்கு அந்தத் தேவையே இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை விழுந்ததும் ஆண் தவளைகள் ஓடைக்கரையில் மண்ணின் மேற்பரப்புக்கு அருகே வந்து கூவுகின்றன. அப்போதும் முழுதாக வெளியே வருவதில்லை. மெல்லிய மண் படலத்துக்கு அடியில் இருந்துகொண்டே கூவுகின்றன. தடித்த மண் ஒலியை விரைவில் விழுங்கிவிடுமாதலால், அவ்வளவு தூரமாவது மேலே வந்துதான் ஆகவேண்டும். பெண் தவளை வந்து சேர்ந்ததும், பருவ ஓடையின் பாறை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். பெண்ணை வெளியே காண்பது ஆண்டுக்கு ஓரிரவுதான் என்று சொல்லலாம். அந்த இரவில், கொட்டும் மழையில், அட்டைக் கடியைப் பொருட்படுத்தாமல் அந்த ஓடைக்கரையில் விளக்கோடு நிற்பவருக்கே அது அகப்படும்.

நுணல் வாயால் கெடும் என்ற பழமொழி இங்கே சற்றுத் தலைகீழாகிறது. இது கூவியபோது கேட்பதற்கு விலங்கியலார் யாரும் பக்கத்தில் இல்லை!

2003: கட்டப்பனை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கட்டப்பனை என்னும் ஊர் இருக்கிறது. ஏலக்காய்க்குப் பெயர் போன இடம். நம் தேனி மாவட்டத்திலிருந்து தோட்ட வேலைக்கு அன்றாடம் ஜீப்பில் போய்வருபவர்களுக்கு நன்கு தெரிந்த பகுதி. அங்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஏலத்தோட்டம் ஒன்றன் அருகே இருந்த காட்டில் கிடைத்த தவளையே மூல மாதிரி ஆயிற்று. மனிதன் கால் படாத அடர்காடு என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்த காடுதான்.

விவரித்தவர்கள் இருவர். ஒருவர் எஸ். டி. பிஜு, அப்போது கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். மற்றவர் பெல்ஜிய நாட்டு பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்கி போசைட். கட்டுரை 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்தது.

பார்க்க எப்படி இருக்கும்? ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் நீளம். காற்றடைத்த பைபோல ஊதிய உடம்பு. கத்தரிப்பூவும் கறுப்பும் கலந்த நிறம். உடம்புக்குப் பொருந்தாத சிறு தலை, கடுகுபோல் கண். தலையின் நுனியில் வெளிறிய கூர்மூக்கு ஒன்று பன்றி மூஞ்சியைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். கால்கள் குட்டை, பின்னங்கால்களில் மண்வெட்டிபோல் கெட்டியான புடைப்பு. அழகுப் போட்டியில் இதற்கு இடம் கிடைக்காது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இருட்டில் மண்ணைக் குடைந்து கறையான் புற்றுக்குள் மூக்கை நுழைப்பவனுக்கு, கண்ணைவிட மூக்கும் மண்வெட்டியும் அல்லவா முக்கியம்?

நாசிகபட்ராக்கஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். நாசிகை மூக்கு, பட்ராக்கஸ் என்பது கிரேக்க மொழியில் தவளை, கடைசிச் சொல் சஹ்யாத்திரி மலையைக் குறிக்கிறது. இதை ஏற்கெனவே தெரிந்த எந்தத் தவளைக் குடும்பத்திலும் சேர்க்க முடியவில்லை. புது இனம், புதுப் பேரினம், அதற்கும் மேலே புதுக் குடும்பமே உண்டாக்க வேண்டியதாயிற்று. புதிய தவளை இனங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. புதிய குடும்பம் என்பது மிக அரிது.

உறவினர் கடலுக்கு அப்பால்

இதன் நெருங்கிய உறவு எது என்று மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது கிடைத்த விடைதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இந்தியத் தவளைகளில் எதுவும் இல்லை, ஆசியாவிலும் இல்லை. இந்தியப் பெருங்கடலில், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செஷல்ஸ் தீவுகளின் சிறு தவளைகளே இதன் உறவினர்! அவற்றுள் ஒன்று முழு வளர்ச்சியிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே இருக்கும். அதற்கு நடுச்செவியே கிடையாது. வாய்க் குழியின் அதிர்வால் ஒலியைக் கேட்கிறது என்று 2013-இல் காட்டினார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி.

தவளை கடலைக் கடந்திருக்குமா? அதன் ஈரத்தோலுக்கு உப்புநீர் எமன். முட்டைக்கும் அப்படியே. பின்னே எப்படி?

இந்தக் கேள்வி புதிதன்று. 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதைப் பார்த்து, இடையில் ஒரு பெருநிலம் இருந்து கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்றார். லெமூர் என்ற விலங்கை வைத்து அந்நிலத்துக்கு லெமூரியா என்று பெயரிட்டார். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குமரிக்கண்டப் பேச்சோடு அது நம் வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டது. ஸ்கிளேட்டர் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. அவர் சொன்ன விடையைத்தான் அறிவியல் பின்னர் கைவிட்டது. அதை நாம் தயங்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நிலம் மூழ்கவில்லை; நகர்ந்தது. 1915-இல் ஆல்பிரட் வெகெனர் தம் நூலில் கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை விரிவாக எழுதினார். பெரும்பாலோர் நம்பவில்லை. கண்டங்களைத் தள்ளும் விசை எது என்று அவரால் காட்ட இயலவில்லை. 1960-களில் கடலடிப் பாறைகளின் காந்தத் தன்மையை அளந்தபோதுதான், கடல்தளம் நடுவில் பிளந்து விரிகிறது என்பது உறுதிப்பட்டது. அது இயற்பியல் அளவைகள் தந்த சான்று. நான் இந்தக் கட்டுரையை எழுத உரிமை கோருவது இதனால்தான்!

இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ் மூன்றும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் துண்டுகள். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடகாஸ்கர் பிரிந்தது. ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்த காலத்தையொட்டி, செஷல்ஸ் பிரிந்து பின்தங்கியது. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் முட்டியது. செஷல்சின் முக்கியத் தீவுகள் எரிமலைத் தீவுகளாக இல்லாமல் கருங்கல் தீவுகளாக இருப்பதற்குக் காரணம், அவை ஒரு கண்டத்தின் சிதறல் என்பதே. மூதாதைத் தவளைகள் எங்கும் நீந்தவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தன. காலடி நிலம் அவற்றைச் சுமந்து சென்றது.

இவ்விரு கிளைகளும் எப்போது பிரிந்தன? மரபணுவில் மாற்றங்கள் சேரும் வேகத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கிறார்கள். முதல் கட்டுரையின் கணக்கு பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலே போகிறது. பின்வந்த கணக்குகள் அதனோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. இதில் வியப்பில்லை. எங்கள் கதிரியக்கக் கடிகாரம் வெப்பமோ அழுத்தமோ பாராமல் ஒரே சீராக ஓடும். மரபணுக் கடிகாரம் இனத்துக்கு இனம் வேகம் மாறும்; தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டு அதைத் திருத்தி வைக்க வேண்டும்.

அதே 'நேச்சர்' இதழில் பிளேர் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதைத் தவளைகளின் சீலகாந்த் என்று அழைத்தார். சீலகாந்த் என்பது அழிந்தே போனது என்று எண்ணப்பட்டு, 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு அகப்பட்ட மீன்.

இப்போது 1918-ஐத் திரும்பிப் பாருங்கள். அன்னண்டேல் கையில் அன்றே இந்தத் தாய் கிடைத்திருந்தால்? பெயர் வைத்திருப்பார்; விசித்திரமான தவளை என்று எழுதியிருப்பார். செஷல்சோடு உள்ள உறவைச் சொல்ல அவரிடம் மரபணுவும் இல்லை, நகரும் கண்டமும் இல்லை. எண்பத்தைந்து ஆண்டுகள் முழுவதும் வீணாயின என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அறிந்தவர்கள் யார்?

2003-இன் பரபரப்பு அடங்குமுன், 2004 தொடக்கத்தில் மற்றோர் இந்திய ஆய்வுக் குழு இதே தொல்குலத் தவளையைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. எந்த இதழில் தெரியுமா? நாராயண ராவ் முதல் ஆசிரியராக இருந்த 'கரண்ட் சயன்ஸ்' இதழில்! அன்னண்டேல் விவரித்த அந்த உறிஞ்சி வாய்ப் பிள்ளைக்கும் கடைசியில் தாய் கிடைத்தாள். 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, முட்டையிலிருந்து குட்டித் தவளை வரை ஒவ்வொரு பருவத்தையும் விவரித்தது. பிள்ளை ஓடையில் ஏறத்தாழ நூறு நாள் இருந்து, கால் முளைத்தபின் மண்ணுக்குள் போய்விடுகிறது.

ஆனால் இதையெல்லாம் கேட்டு அம்மலைகளில் வாழ்வோர் வியந்திருக்க மாட்டார்கள். அவர்கள் இதைப் பாதாளத் தவளை என்று அழைத்துவந்தார்கள். ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து மேலே வரும் மாபலி மன்னனை நினைத்து, மாவேலித் தவளை என்றும் மலையாளத்தில் சொல்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் பேராசிரியரும் வைத்துவிட முடியாது. ஓடைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் தலைப்பிரட்டைகளைச் சேகரித்து உண்ணும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஏடு அறியாத பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள உறவை ஓடைக்கரைக்காரர் அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்களிடம் கேட்டவர் இல்லை. இந்த உணவு வழக்கம் தவளையின் எண்ணிக்கையை நேரடியாகக் குறைக்கிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. ஓராண்டுக்கு ஒரே ஒருமுறை முட்டையிடும் உயிர். ஒரு பருவப் பிள்ளைகள் போனால் அந்த ஓடையில் அடுத்த ஆண்டுதான்.

கிழக்குச் சரிவில் இன்னொன்று

கதை 2003-இல் முடிந்துவிட்டதாகத்தான் பலரும் எண்ணினார்கள். மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே நம் பக்கம் மழை மறைவுப் பகுதி. நமக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. மண்ணுக்குள் இருக்கும் தவளைக்கு மழைதானே நாள்காட்டி? விருதுநகர் மாவட்டத்தை ஒட்டிய திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில், வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்யும் பாதாளத் தவளைகள் காணப்பட்டன. ஒரே தவளைதான், பருவம் மட்டும் மாறியிருக்கிறது என்று விட்டுவிடலாமா? மரபணு, உடலமைப்பு, கூவல் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி இனம் என்று 2017-இல் ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் முதலியோர் விவரித்தார்கள். சூட்டிய பெயர் நாசிகபட்ராக்கஸ் பூபதி. கோயம்புத்தூரில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் சு. பூபதி, 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது தவறி விழுந்து உயிர்நீத்தார். அவர் நினைவாக வைத்த பெயர் அது.

தனி இனம் என்று பிரித்தது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. மேற்கே எத்தனை ஓடைகள் நலமாக இருந்தாலும் கிழக்குச் சரிவுத் தவளைக்கு அதனால் பயனில்லை. அதன் பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளப் பருவத்தில் பாய்ந்தோடும் நீர் வேண்டும். தடுப்பணை கட்டித் தேங்கிய நீரில் உறிஞ்சி வாய்க்கு வேலை இல்லை.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அப்படியானால் இதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று தேர்வில் கேட்டால் என்ன எழுதுவது?" என்றார். 2003 என்று எழுது, மதிப்பெண் கிடைக்கும் என்றேன். வகுப்பு சிரித்தது. மழை பெய்துகொண்டிருந்தது, கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு சாதாரணத் தவளை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.